தி டே ஆஃப் த ஜாக்கல்: புதினத்திலிருந்து தொலைக்காட்சித் தொடர் வரை

தி டே ஆஃப் த ஜாக்கல் என்பது பிரித்தானிய எழுத்தாளர் பிரெடரிக் போர்சைத் எழுதி 1971-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலப் புதினம் ஆகும். பிரான்சின் குடியரசுத் தலைவர் சார்லஸ் டி கோலைக் கொல்வதற்காக அமர்த்தப்பட்ட கூலிக்கொலையாளி ஒருவனைப் பற்றிய கதை இது. 'ஜாக்கல்' என்றால் குள்ளநரி. அது அந்தக் கொலையாளி தனக்குச் சூட்டிக்கொண்ட குறிப்பெயர். அவனுடைய உண்மைப் பெயர் புதினத்தில் கடைசிவரை தெரிவதில்லை.

இப்புதினம் 1973-இல் திரைப்படமானது. 2024-இல் பத்துப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவந்தது. புதினமும் முதல் திரைப்படமும் 1963-ஆம் ஆண்டின் ஐரோப்பாவில் நடப்பவை. தொடரோ கதையை முழுவதுமாக இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அறுபது ஆண்டு இடைவெளியைத் தாண்டி ஒரு கதையைக் கொண்டுவரும்போது எவையெல்லாம் மாறுகின்றன, அவை ஏன் மாறுகின்றன, அதனால் கதையின் இயல்பு என்ன ஆகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மூன்று வடிவங்களின் முடிவுகளும் இதில் கூறப்பட்டுள்ளன.

வரலாற்றுப் பின்னணி

அல்ஜீரியா நீண்டகாலம் பிரான்சின் ஆட்சியில் இருந்த வட ஆப்பிரிக்க நாடு. அங்கே 1954-இல் விடுதலைப் போர் தொடங்கியது. அந்தப் போர் உண்டாக்கிய அரசியல் நெருக்கடியின் நடுவே 1958-இல் டி கோல் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். அல்ஜீரியாவை அவர் கைவிடமாட்டார் என்று இராணுவத்தில் பலரும், அங்கே குடியேறியிருந்த பிரெஞ்சு மக்களும் நம்பினர். ஆனால் டி கோல் படிப்படியாக அல்ஜீரியாவின் தன்னுரிமையை ஏற்கும் நிலைக்கு வந்தார். 1962 சூலையில் அந்நாடு விடுதலை பெற்றது.

இதைத் துரோகமாகக் கருதியவர்கள் 1961-இல் 'இரகசிய இராணுவ அமைப்பு' என்ற ஆயுதக் குழுவை உருவாக்கினர். பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அது ஓ.ஏ.எஸ். என்று அழைக்கப்பட்டது. டி கோலைக் கொல்ல நடந்த முயற்சிகளில் மிகவும் அறியப்பட்டது 1962 ஆகத்து 22 அன்று பாரிசின் புறநகரான பெட்டி-கிளாமாரில் நடந்தது. டி கோலும் அவர் மனைவியும் மருமகனும் சென்ற சிட்ரோயன் மகிழுந்தின் மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. சக்கரங்கள் துளைக்கப்பட்ட நிலையிலும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமல் விரைந்து ஓட்டினார். எல்லோரும் உயிர் தப்பினர். தாக்குதலைத் திட்டமிட்ட விமானப்படை அதிகாரி ழான்-மரி பாஸ்டியன்-தியரி 1963 மார்ச்சு 11 அன்று சுட்டுக் கொல்லப்படும் தண்டனைக்கு உள்ளானார்.

இதுவரை சொன்னவை வரலாறு. போர்சைத்தின் புதினம் இந்த உண்மை நிகழ்ச்சிகளை விவரித்துத் தொடங்கி, அங்கிருந்து கற்பனைக்குள் நுழைகிறது.

புதினம்

போர்சைத் (1938–2025) பிரித்தானிய விமானப்படையில் விமானியாக இருந்தவர். பிறகு ராய்ட்டர்சு செய்தி நிறுவனத்தின் சார்பில் 1960-களின் தொடக்கத்தில் பாரிசில் பணியாற்றினார். டி கோலின் பயணங்களைப் பின்தொடர்ந்து செய்தி அனுப்புவது அவர் வேலைகளுள் ஒன்று. ஓ.ஏ.எஸ். அமைப்புக்குள் அரசின் ஒற்றர்கள் ஊடுருவியிருந்ததால் அதன் திட்டங்கள் முன்கூட்டியே வெளிப்பட்டுவிடுகின்றன என்பதை அவர் கவனித்தார். அமைப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத, காவல்துறைக் கோப்புகள் எதிலும் இடம்பெறாத வெளியாள் ஒருவனை அவர்கள் அமர்த்தினால் என்ன ஆகும் என்ற கேள்வியே புதினத்தின் விதை. அதை அவர் 1970-இன் தொடக்கத்தில் 35 நாட்களில் எழுதி முடித்தார். தொடக்கத்தில் பல பதிப்பகங்கள் மறுத்தன. டி கோல் கொல்லப்படவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்போது இக்கதையில் பதற்றம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் எழுப்பிய தடை. 1971-இல் வெளிவந்த புதினம் உலகெங்கும் விற்பனையானது. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் வழங்கும் எட்கர் விருதை 1972-இல் பெற்றது.

புதினம் மூன்று பாகங்களைக் கொண்டது. முதல் பாகம் சதியையும், இரண்டாம் பாகம் தேடுதல் வேட்டையையும், மூன்றாம் பாகம் கொலை முயற்சியையும் கூறுகிறது. ஓ.ஏ.எஸ். அமைப்பின் தலைவனாகப் புதினத்தில் வரும் மார்க் ரொடான் ஓர் ஆங்கிலேயனை ஐந்து இலட்சம் டாலர் கூலிக்கு அமர்த்துகிறான். அந்த ஆங்கிலேயன் போலிக் கடவுச்சீட்டு பெறுவது, பெல்ஜியத்தில் தனித்துவமான துப்பாக்கியைச் செய்யச் சொல்வது, பாரிசில் சுடும் இடத்தைத் தேர்வது என ஒவ்வொரு ஆயத்தமும் படிப்படியாக விவரிக்கப்படுகிறது.

மறுபுறம், ரொடானின் மெய்க்காவலனான கொவால்ஸ்கி என்பவனைப் பிரெஞ்சு உளவுத்துறை பிடித்துச் சித்திரவதை செய்கிறது. அவன் உளறலிலிருந்து 'ஜாக்கல்' என்ற ஒரே சொல் கிடைக்கிறது. தேடும் பொறுப்பு குளோட் லெபெல் என்ற காவல் ஆணையரிடம் ஒப்படைக்கப்படுகிறது. செய்தி வெளியே தெரியக்கூடாது என்பதும், தமது பொது நிகழ்ச்சிகள் எதுவும் நிறுத்தப்படக்கூடாது என்பதும் டி கோலின் ஆணை. ஆகவே செய்தித்தாள் விளம்பரமோ பொது எச்சரிக்கையோ இல்லாமல் லெபெல் பெயர் தெரியாத ஒருவனைத் தேடவேண்டியிருக்கிறது.

1963 ஆகத்து 25, பாரிசு விடுதலை நாள் விழாவில் மூத்த போர்வீரர்களுக்கு டி கோல் பதக்கம் அணிவிக்கிறார். ஊனமுற்ற முதியவர் வேடத்தில் காவல் வளையத்தைக் கடந்துவந்த ஜாக்கல் ஒரு மாடி அறையிலிருந்து சுடுகிறான். அதே கணத்தில் வீரர் ஒருவரின் கன்னத்தில் முத்தமிட டி கோல் குனிய, குண்டு தவறுகிறது. ஆங்கிலேயனான ஜாக்கல் இந்தப் பிரெஞ்சு வழக்கத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. அவன் டி கோலை மீண்டும் சுடுவதற்குள் லெபெல் அறைக்குள் நுழைந்து அவனைச் சுட்டுக் கொல்கிறார். அவன் யார் என்று எவருக்கும் தெரியாமலே புதைக்கப்படுகிறான்.

முடிவு தெரிந்த கதையில் பதற்றம்

டி கோல் 1970 நவம்பர் 9 அன்று தம் வீட்டில் இயற்கையாக இறந்தார். எனவே 1971-இல் புதினத்தை வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஜாக்கல் தோற்பான் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். இருந்தும் வாசகர்கள் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

அதற்குக் காரணம், 'நடக்குமா?' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'எப்படி?' என்ற கேள்வியைப் புதினம் கையில் எடுத்ததுதான். கடவுச்சீட்டு அலுவலகம் எப்படி இயங்குகிறது, எல்லைச் சாவடியில் எதைப் பார்ப்பார்கள், விடுதிகளில் தங்குவோர் நிரப்பும் சீட்டுகள் எந்நேரத்தில் காவல்துறைக்குப் போய்ச் சேரும் என்பன போன்ற விவரங்களைப் போர்சைத் ஒரு செய்தியாளரின் நடையில் தருகிறார். வாசகர் ஒரு வேலை திருத்தமாகச் செய்யப்படுவதைப் பார்க்கிறார். அதைத் தடுக்க முயல்பவரின் வேலையும் அதே அளவு திருத்தமாக நடப்பதைப் பார்க்கிறார். இருவருக்கும் இடையே உள்ள தூரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. பதற்றம் அந்தத் தூரத்தில் இருக்கிறது.

ஜாக்கலின் குழந்தைப் பருவம், மனக்காயம், காதல் எதுவும் சொல்லப்படவில்லை. அவன் ஒரு முறை, ஒரு செயல், அவ்வளவே. புதினத்தைத் தழுவிய ஒவ்வொருவரும் இந்த வெற்றிடத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது.

திரைப்படங்கள்

1973-இல் வந்த திரைப்படத்தை பிரெட் சின்னமன் இயக்கினார். ஜாக்கலாக எட்வர்டு பாக்சும், லெபெலாக மிஷேல் லோன்ஸ்டேலும் நடித்தனர். பெரிய நட்சத்திரம் நடித்தால் மக்கள் கூட்டத்தில் கரைந்துபோகும் கொலையாளி என்பதை யாரும் நம்பமாட்டார்கள் என்று கருதி, அப்போது அதிகம் அறியப்படாத நடிகரை இயக்குநர் தேர்ந்தெடுத்தார். பெரும்பகுதி உண்மையான தெருக்களிலும் கட்டடங்களிலும் படமாக்கப்பட்டது. செய்திப்படம் போன்ற அதன் போக்கு புதினத்தின் இயல்புக்கு ஒத்திருந்தது. படத்தொகுப்புக்காக ரால்ப் கெம்ப்ளென் பிரித்தானியத் திரைப்பட அகாதெமியின் விருதைப் பெற்றார்.

1997-இல் மைக்கேல் கேட்டன்-ஜோன்ஸ் இயக்கத்தில் 'த ஜாக்கல்' என்ற அமெரிக்கப் படம் வந்தது. புரூஸ் வில்லிஸ் கொலையாளியாகவும், ரிச்சர்டு கியர் அவனைத் துரத்தும் முன்னாள் அயர்லாந்துப் போராளியாகவும் நடித்தனர். பழைய படத்தின் பெயரை அப்படியே வைப்பதற்குச் சின்னமன் எதிர்ப்புத் தெரிவித்தார். போர்சைத்தும் தம் பெயரைப் படத்தோடு இணைக்க விரும்பவில்லை. கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவரும் முதல் பெரிய முயற்சி இது. ஆனால் பொறுமையான ஆயத்தங்களின் இடத்தைப் பெரிய ஆயுதங்களும் வெடிப்புகளும் பிடித்துக்கொண்டதால், மூலக்கதையின் விரும்பிகள் பலர் இதை ஏற்கவில்லை.

இந்தியாவிலும் இக்கதையின் சாயல் உண்டு. சிபி மலயில் இயக்கி மம்மூட்டி நடித்த 'ஆகஸ்ட் 1' என்ற மலையாளப் படம் 1988-இல் வெளிவந்தது. மாநில முதலமைச்சரைக் கொல்ல அமர்த்தப்பட்ட கொலையாளியைக் காவல் அதிகாரி தேடும் கதை அது.

2024 தொலைக்காட்சித் தொடர்

புதிய தொடர் பிரித்தானியாவில் ஸ்கை நிறுவனத்தின் அலைவரிசையில் 2024 நவம்பர் 7 அன்றும், அமெரிக்காவில் பீகாக் இணையத் தளத்தில் நவம்பர் 14 அன்றும் தொடங்கியது. 'டவுன்டன் ஆபி' தொடரைத் தயாரித்த கார்னிவல் பிலிம்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. உருவாக்கி எழுதியவர் ரோனன் பென்னட். இலண்டன் நகரின் போதைப்பொருள் கும்பல்களைப் பற்றிய 'டாப் பாய்' தொடரின் எழுத்தாளரும் இவரே. போர்சைத் ஆலோசகத் தயாரிப்பாளராக இருந்தார். படப்பிடிப்பு அங்கேரி, ஆசுதிரியா, குரோவாசியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் நடந்தது.

முதன்மை நடிகர்கள்:

- எடி ரெட்மெய்ன்: ஜாக்கல்
- லஷானா லிஞ்ச்: பிரித்தானிய வெளிநாட்டு உளவுத்துறையான எம்.ஐ.6 அதிகாரி பியாங்கா புல்மன்
- உர்சுலா கோர்பெரோ: ஜாக்கலின் மனைவி நூரியா
- காலித் அப்தல்லா: தொழில்நுட்பக் கோடீசுவரர் உல்லே டாக் சார்லஸ்
- சார்லஸ் டான்ஸ்: கொலைக்குப் பணம் தரும் குழுவின் தலைவர் திமத்தி வின்தார்ப்

தொடரின் தொடக்கத்தில், செர்மனியின் மியூனிக் நகரில் முதிய துப்புரவுப் பணியாளர் வேடத்தில் ஜாக்கல் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்து ஓர் இளைஞனைச் சுடுகிறான். அவன் உண்மையான இலக்கு அந்த இளைஞன் அல்ல. மருத்துவமனைக்கு மகனைப் பார்க்க வரும் தந்தையான வலதுசாரி அரசியல்வாதியே இலக்கு. அவரை 3,800 மீட்டருக்கும் அதிகமான தூரத்திலிருந்து சுட்டுக் கொல்கிறான். அப்படிப்பட்ட துப்பாக்கியைச் செய்யக்கூடியவர் உலகில் மிகச் சிலரே என்பதை அறிந்த பியாங்கா, துப்பாக்கியைச் செய்தவன் வழியாகக் கொலையாளியை நெருங்க முயல்கிறார். இதற்கிடையே ஜாக்கலுக்கு அடுத்த பணி வந்து சேர்கிறது: உல்லே டாக் சார்லஸ் தமது புதிய மென்பொருளை உலகுக்கு வெளியிடும் முன் அவரைக் கொல்ல வேண்டும்.

ஒளிபரப்பு தொடங்கிய அதே மாதத்திலேயே இரண்டாம் பருவம் அறிவிக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டுக்கான கோல்டன் குளோப் விருதுகளில் சிறந்த நாடகத் தொடர், சிறந்த நாடகத் தொடர் நடிகர் ஆகிய பிரிவுகளில் இத்தொடர் பரிந்துரைக்கப்பட்டது.

மாற்றங்களும் காரணங்களும்

அடையாளம்

புதினத்தின் ஜாக்கல் ஒரு கிராமத்து இடுகாட்டுக்குச் செல்கிறான். தன் வயதில் பிறந்து, குழந்தையாகவே இறந்துபோன ஒருவனின் பெயரைக் கல்லறையில் கண்டுபிடிக்கிறான். அப்பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிக் கடவுச்சீட்டு பெறுகிறான். பிறப்புப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் தனித்தனியாக இருந்தன, ஒன்றை மற்றொன்றோடு யாரும் ஒப்பிடவில்லை என்பதே அவன் பயன்படுத்திய ஓட்டை.

இது கற்பனை அல்ல. அக்காலப் பிரித்தானிய நிர்வாகத்தில் உண்மையாகவே இருந்த குறை. புதினம் அதை உலகறியச் செய்த பிறகும் நெடுங்காலம் அந்தக் குறை நீடித்தது. இவ்வகை மோசடிக்கு 'ஜாக்கல் மோசடி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இதில் வருந்தத்தக்க ஒரு திருப்பமும் உண்டு. போராட்டக் குழுக்களுக்குள் மாறுவேடத்தில் ஊடுருவிய இலண்டன் காவல்துறையினரும் இறந்த குழந்தைகளின் பெயர்களைத் தங்கள் போலி அடையாளங்களாகப் பயன்படுத்தினர். தங்களுக்குள் இதை 'ஜாக்கல் ஓட்டம்' என்று அழைத்தனர். பெற்றோருக்கு எதுவும் தெரியாது. 2013-இல் இச்செய்தி பரவலாக வெளிவந்தபோது காவல்துறை பொதுவாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கொலையாளி செய்வதாக எழுதப்பட்ட தந்திரத்தையே சட்டத்தின் காவலர்களும் கையாண்டிருந்தனர்.

இன்று பதிவேடுகள் கணினியில் இணைக்கப்பட்டுள்ளன. பிரித்தானியா 2006 முதல் மின்னணுச் சில்லு பொருத்திய கடவுச்சீட்டுகளை வழங்குகிறது. விமான நிலையக் கருவி பயணியின் முகத்தைச் சில்லில் உள்ள படத்தோடு ஒப்பிடுகிறது. ஆகவே பெயரை மட்டும் மாற்றினால் போதாது, முகமே மாறவேண்டும். தொடரின் ஜாக்கல் ஒப்பனையிலும் முகமூடியிலும் மணிக்கணக்கில் உழைப்பது இதனால்தான். புதினத்தில் எழுத்தர் மேசையில் நடந்த வேலை, தொடரில் நிலைக்கண்ணாடி முன் நடக்கிறது.

ஒரு வகையில் இன்றைய ஐரோப்பா அவனுக்கு எளிது. 1963-இல் ஒவ்வொரு நாட்டு எல்லையிலும் சாவடி உண்டு. செங்கன் உடன்பாட்டின் பயனாக 1995-க்குப் பிறகு பல நாடுகளுக்கிடையே சாவடிகளே நீக்கப்பட்டன. ஆனால் கண்காணிப்பு கேமரா, கைப்பேசி, பண அட்டை ஆகியவை அவன் செல்லும் வழியெங்கும் தடயத்தை விட்டுச் செல்கின்றன. நிற்கவைத்துக் கேட்கும் காவலர் குறைந்துவிட்டார், கேட்காமலே பதிந்துகொள்ளும் கருவிகள் பெருகிவிட்டன.

இலக்கு

1963-இன் பிரான்சில் ஒரு மனிதரைக் கொன்றால் நாட்டின் போக்கே மாறிவிடும் என்று சதிகாரர்கள் நம்ப முடிந்தது. டி கோல் அப்படிப்பட்ட தலைவர். உயிரோடிருக்கும் இன்றைய தலைவர் ஒருவரின் பெயரை இலக்காக வைத்துக் கதை எழுதுவது எளிதல்ல. கற்பனைத் தலைவர் ஒருவரை உருவாக்கினாலோ டி கோலின் பெயருக்கு இருந்த கனம் கிடைக்காது.

தொடர் வேறு வழியைத் தேர்ந்தது. இன்று உலகைப் புரட்டக்கூடியவர் அரசுத் தலைவர் அல்ல, தொழில்நுட்ப அதிபர் என்று அது முடிவு செய்கிறது. சார்லசின் மென்பொருளுக்குப் பெயர் 'ரிவர்', அதாவது ஆறு. உலகின் பணப் பரிமாற்றங்கள் அனைத்தையும் எவரும் பார்க்கும்படி அது வெளிப்படுத்திவிடும். மறைத்து வைத்த செல்வம் வெளிப்படும் என்று அஞ்சும் பெரும் பணக்காரர்களே கொலைக்குப் பணம் கொடுக்கின்றனர்.

இதனால் சதிகாரர்களின் தன்மையும் மாறிவிடுகிறது. ஓ.ஏ.எஸ். அமைப்பினர் தவறான வழியில் சென்றாலும் ஒரு கொள்கைக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்கள். வின்தார்ப்பின் குழுவுக்குக் கொள்கை இல்லை, காக்கவேண்டிய சொத்து மட்டுமே உண்டு. அதே வேளையில் ஒரு நன்மையும் விளைகிறது. சார்லஸ் கற்பனை மனிதர் என்பதால் அவர் பிழைப்பாரா மாட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. வரலாறு மூடிவைத்திருந்த 'நடக்குமா?' என்ற கேள்வி மீண்டும் திறக்கிறது. தொடரில் ஜாக்கல் முதல் முயற்சியில் தவறினாலும், குரோவாசியக் கடலில் நீந்திக்கொண்டிருக்கும் சார்லசைக் கொன்றுவிடுகிறான்.

ஆயுதம்

புதினத்தில் துப்பாக்கியின் பாகங்கள் ஊன்றுகோலுக்குள் மறைக்கப்படுகின்றன. போரில் கால் இழந்த முதியவரைச் சோதனையிடக் காவலர் கூசுவார் என்பது அவன் கணக்கு. தொடரில் அவை சக்கரம் வைத்த பயணப்பெட்டியின் சட்டமாக மாறுகின்றன. விமான நிலையங்களில் எல்லோரும் இழுத்துச் செல்லும் பொருள் அது. எங்கும் காணப்படுவதும் எவரும் ஐயப்படாததுமான ஒரு பொருளைத் தேர்வது என்ற மூல எண்ணம் மாறவில்லை. காலத்துக்கேற்பப் பொருள் மட்டுமே மாறியது.

கொலையாளி

மிகப் பெரிய மாற்றம் இங்கேதான். தொடரின் ஜாக்கலுக்குப் பெயர் உண்டு, கடந்த காலம் உண்டு. அவன் ஆப்கானித்தானில் பணியாற்றிய பிரித்தானியப் படையின் முன்னாள் தொலைதூரத் துப்பாக்கி வீரன். தெற்கு எசுப்பானியாவின் காடிசு நகரருகே அவனுக்கு வீடும், நூரியா என்ற மனைவியும், கைக்குழந்தையும் உண்டு. கணவனின் தொழில் என்ன என்று நூரியாவுக்குத் தெரியாது.

பழைய புதினத்தின் வாசகர்களுக்காக இரு பெயர்கள் தக்கவைக்கப்பட்டுள்ளன. டகன் என்பது புதினத்தில் கல்லறையிலிருந்து எடுத்த பெயர், தொடரில் கொலையாளியின் உண்மைப் பெயர். கால்த்ராப் என்பது புதினத்தில் காவல்துறை தவறாக ஐயுற்ற ஒருவரின் பெயர், தொடரில் மனைவி அறிந்த பெயர். புதினத்தில் வெறும் போர்வையாக இருந்த பெயர், தொடரில் அந்த மனிதனாகவே ஆகிவிட்டது.

இம்மாற்றத்துக்கு முதற்காரணம் நீளம். 1973-ஆம் ஆண்டுத் திரைப்படம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பத்துப் பகுதித் தொடர் ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓடும். அவ்வளவு நேரம் ஒரு செயல்முறையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கப் பெரும்பாலோர் விரும்பமாட்டார்கள். அடுத்த பருவமும் வரவேண்டுமென்றால் நாயகன் சாகவும் கூடாது, வெறுக்கப்படவும் கூடாது. ஆகவே அவனுக்கு வீடு கொடுக்கவேண்டியதாயிற்று.

வீடு கொடுத்ததும் பதற்றம் இடம் மாறுகிறது. காவலரிடம் அகப்படுவானா என்ற அச்சத்தோடு, மனைவியிடம் அகப்படுவானா என்ற அச்சமும் சேர்கிறது. இரண்டாவது அச்சத்தில் பார்வையாளர் தம்மையறியாமல் அவன் பக்கம் நிற்கிறார். வழியில் குறுக்கிட்ட அப்பாவிகளை அவன் கொல்லும்போது அந்தப் பரிவு உறுத்துகிறது. புதினத்தில் வாசகர் அவன் திறமையை மட்டுமே வியந்தார். தொடரில் அவன் மீது இரக்கப்படவும் வேண்டியிருக்கிறது.

துரத்துபவர்

லெபெல் அமைதியான, பணிவான அதிகாரி. தொலைபேசி, கோப்புகள், சில மணி நேரத் தூக்கம் ஆகியவையே அவர் கருவிகள். விசாரணைக் குழுவிலிருந்து செய்தி கசிகிறது என்று ஐயம் எழுந்ததும், உயர் அதிகாரிகள் அனைவரின் தொலைபேசியையும் ஒட்டுக்கேட்டு, கசிவின் ஊற்றைக் கண்டுபிடிக்கிறார்.

பியாங்கா அப்படிப்பட்டவர் அல்லர். துடிப்பானவர், துப்பாக்கிகளைப் பற்றிய நுட்ப அறிவு உடையவர், குடும்பத்தை விடப் பணியை முன்வைப்பவர். தகவல் பெறுவதற்காக ஒரு தாயை மிரட்டுகிறார். அதற்காகச் சிறைப்படுத்தப்பட்ட அப்பெண்ணின் மகள் காவலிலேயே இறந்துபோகிறாள். அதற்குப் பிறகும் பியாங்கா நிற்பதில்லை.

இந்த நிகழ்ச்சிக்குப் புதினத்தில் ஒரு வேர் இருக்கிறது. கொவால்ஸ்கியைப் பிரான்சுக்கு வரவழைக்க உளவுத்துறை பயன்படுத்தியதும் அவன் மகளின் நோய் பற்றிய ஒரு கடிதத்தைத்தான். அரசு ஒரு தகப்பனின் பாசத்தைத் தூண்டிலாக்கியது. ஆனால் புதினத்தில் அதைச் செய்தவர்கள் வேறொரு பிரிவினர். லெபெலின் கைகளில் கறை படவில்லை. தொடரில் அதே செயலை நாயகியே செய்கிறார். அரசின் கொடுமையைப் பின்னணியிலிருந்து முன்னணிக்குக் கொண்டுவந்ததே தொடர் செய்த துணிவான மாற்றம் எனலாம். வீட்டில் பொய் சொல்லும் கொலையாளியும் வீட்டில் பொய் சொல்லும் அதிகாரியும் ஒருவருக்கொருவர் நிழல்போல ஆகின்றனர்.

முடிவு

புதினத்தில் லெபெல் வெல்கிறார், ஜாக்கல் இறக்கிறான். தொடரில் இது தலைகீழாகிறது. காடிசில் உள்ள வீட்டில் நடக்கும் மோதலில் பியாங்கா கொல்லப்படுகிறார். ஜாக்கல் தப்புகிறான். ஆனால் மனைவியும் குழந்தையும் அவனை விட்டுப் போய்விட்டனர், பேசிய கூலியும் கைக்கு வரவில்லை. பெயரில்லாத மனிதன் பெயரில்லாமலே மண்ணுக்குள் போனான் என்று புதினம் முடிகிறது. பெயரும் வீடும் பெற்றவன் அவற்றை இழந்து நிற்கிறான் என்று தொடர் முடிகிறது.

மதிப்பீடு

பழைய கதையைப் புதுப்பிப்பது என்றால் தொலைபேசிக்குப் பதில் கைப்பேசியையும் கோப்புக்குப் பதில் கணினியையும் வைப்பது என்று பொதுவாக எண்ணப்படுகிறது. ஜாக்கல் கதையின் மூன்று வடிவங்களை ஒப்பிட்டால் அது அவ்வளவு எளிதல்ல என்பது தெரியும். போர்சைத்தின் கதை, பிறப்புப் பதிவேட்டுக்கும் இறப்புப் பதிவேட்டுக்கும் இடையே ஒருவன் மறைந்துகொள்ளக்கூடிய காலத்தைச் சேர்ந்தது. அந்த இடைவெளி மூடப்பட்டதும், 'பெயரற்றவன்' என்ற எண்ணமே ஆட்டம் காண்கிறது. இன்று ஒருவன் எந்தத் தடயமும் இல்லாமல் இருக்க முடியாது. ஆகவே தொடர் அவனைப் பல தடயங்கள் உடையவனாக, பல வாழ்க்கைகள் வாழ்பவனாக ஆக்கியது.

இதில் இழப்பும் உண்டு, பேறும் உண்டு. இறுக்கமும் சிக்கனமும் குறைந்துவிட்டன. சில கிளைக்கதைகள் நீண்டு தளர்கின்றன. குடும்பக் காட்சிகள் வேகத்தைக் குறைக்கின்றன என்ற குறையும் எழுந்தது. மறுபுறம், புதினம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைத் தொடர் கேட்கிறது. கூலிக்குக் கொல்பவனுக்கும் நாட்டின் பெயரால் பிறர் உயிரைப் பணயம் வைப்பவருக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதே அக்கேள்வி. தொடர் அதற்கு விடை தருவதில்லை.

இலக்கியமும் திரைக்கலையும் பயிலும் மாணவர்கள் புதினத்தை முதலில் படித்து, பின்னர் 1973-ஆம் ஆண்டுப் படத்தையும் தொடரையும் வரிசையாகப் பார்ப்பது பயனளிக்கும். ஒரே கதை எழுத்திலும், இரண்டரை மணி நேரப் படத்திலும், எட்டு மணி நேரத் தொடரிலும் எப்படி வேறுவேறு பொருள் கொள்கிறது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.